பிளட் பைத்தான் கடிக்குமா, வளர்க்கலாமா?

கேள்வி இதுதான்: "கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். சில வருடங்களாக ஒரு பால் பைத்தான் (ball python எனும் சிறிய மலைப்பாம்பு) வளர்க்கிறேன், பிரச்சினை எதுவும் இல்லை. அடுத்து ஒரு பிளட் பைத்தான் (சிவப்பு நிற மலைப்பாம்பு) வாங்க ஆசை. சீறும், கடிக்கும், வேண்டாம் என்று பலரும் சொல்கிறார்கள். குட்டியாக வாங்கலாமா, வளர்ந்ததை வாங்கலாமா? பராமரிப்பில் என்ன வித்தியாசம்? வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள்."

தாராளமாக வளர்க்கலாம். பால் பைத்தானைச் சில வருடங்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவருக்கு இது எட்டாத பாம்பு இல்லை. ஆனால் பால் பைத்தானுக்குச் செய்வதையெல்லாம் அப்படியே இதற்கும் செய்தால் சிக்கல்தான். பிளட் பைத்தானுக்குச் சூடு குறைவாக வேண்டும், இரை குறைவாக வேண்டும், தண்ணீர் மட்டும் நிறைய வேண்டும். இந்தப் பாம்பைப் பற்றி நான் கேட்கும் புகார்களில் பெரும்பகுதி இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத் தலைகீழாகச் செய்ததால் வந்ததாகவே இருக்கிறது.

முதலில் அந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இது மலாய் தீபகற்பம், தெற்குத் தாய்லாந்து, கிழக்கு சுமத்ரா, அதை ஒட்டிய சிறு தீவுகள் ஆகிய இடங்களின் தாழ்நிலப் பாம்பு. சதுப்பு, ஓடைக்கரை, ஈரமான சருகுக்குள் அசையாமல் கிடக்கும். எலி தானாகப் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து அடிக்கும். காட்டை அழித்துச் செம்பனை நட்ட இடங்களில் எலி பெருகியதால் அங்கேயும் நன்றாக வாழ்கிறது. மலேசியத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை பார்த்த நம் ஆட்களில் சிலர் செம்பனை மட்டைக் குவியலுக்குள் இதைப் பார்த்திருக்கக்கூடும். அங்கே மலாய்க்காரர்கள் 'சாவா ரெண்டாம்' என்பார்கள், தண்ணீரில் ஊறிக் கிடக்கும் மலைப்பாம்பு என்று.

சுமத்ராவில் இதைத் தோலுக்காகப் பல்லாயிரக்கணக்கில் பிடித்தார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரிச்சர்ட் ஷைனும் அவரது குழுவினரும் 1990களில் வட சுமத்ராவில் அப்படித் தோலுரிக்கக் கொண்டுவரப்பட்ட பாம்புகளைத்தான் ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்க, ஐரோப்பியச் செல்லப்பிராணிச் சந்தைக்குப் போனவையும் பெரும்பாலும் காட்டில் பிடிபட்டவையே. சாக்குப் பையில் அடைபட்டு, தண்ணீர் இல்லாமல், உடம்பெல்லாம் உண்ணியும் வயிறு நிறையப் புழுவுமாகப் போய் இறங்கிய வளர்ந்த பாம்பு சீறாமல் என்ன செய்யும்? வாங்கியவர்கள் அதைச் சுடச்சுட ஒரு கண்ணாடித் தொட்டியில் போட்டு விளக்கையும் எரியவிட்டார்கள். பாம்பு கடித்தது. 'கெட்ட கோபக்காரப் பாம்பு' என்ற பேச்சு அங்கே தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

வளர்ப்பாளரிடம் முட்டையிலிருந்து பொரித்த குட்டி வேறு கதை. குட்டியாக இருக்கும்போது பயத்தில் கொஞ்சம் கடிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஓரடி, ஒன்றேகாலடி நீளமுள்ள ஒரு பாம்புக்கு உங்கள் கை ஒரு கழுகுதான். பொறுமையாகக் கையாண்டால் ஓரிரு வருடத்தில் பெரும்பாலானவை அடங்கிவிடும். வளர்ந்தபின் பல பிளட் பைத்தான்கள் அசையவே சோம்பல்படும். மூச்சை இழுத்து 'புஸ்' என்று பெரிதாக விடும், அது பலருக்குச் சீறல் மாதிரி கேட்கும். உடம்பைத் தட்டையாக்கி வாலை வெடுக்வெடுக்கென்று ஆட்டினால்தான் விலகி நில்லுங்கள் என்று பொருள். அதைப் பார்த்தபிறகும் கையை நீட்டினால் கடி வாங்குவது உறுதி.

ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: குட்டியாக, உள்ளூரில் பொரித்ததாக வாங்குங்கள். வளர்ந்ததை வாங்குவதானால், அதை வளர்த்தவர் யார் என்று தெரிந்து, அவர் கையில் எடுப்பதை நேரில் பார்த்த பிறகே வாங்குங்கள். விலை மலிவாக, முதுகில் தழும்போடு, 'பண்ணையில் பொரித்தது' என்று மட்டும் சொல்லி விற்கப்படும் இறக்குமதிப் பாம்பின் மேல் ஆசை வைக்காதீர்கள். அதன் பெயரில் இருக்கும் பண்ணை பல சமயம் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

இனத்தையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டைவால் மலைப்பாம்புகள் என்று ஒரு கூட்டம் உண்டு. முன்பு எல்லாவற்றையும் பைத்தான் கர்ட்டஸ் என்ற ஒரே இனமாக வைத்திருந்தார்கள். இப்போது பிளட் பைத்தான் பைத்தான் பிராங்கர்ஸ்மாய், போர்னியோவில் இருப்பது பைத்தான் பிரெய்டன்ஸ்டைனி, மேற்கு சுமத்ராவின் கறுப்புக் குட்டைவால்தான் கர்ட்டஸ். 2001இல் வந்த ஒரு மரபணு ஆய்வு ஆச்சரியமான விஷயத்தைக் காட்டியது: ஒரே சுமத்ராத் தீவில் இருந்தாலும் கறுப்புக் குட்டைவாலுக்கு நெருங்கிய சொந்தம் போர்னியோ பாம்புதான், பிளட் பைத்தான் சற்றுத் தள்ளி நிற்கிறது. பராமரிப்பு மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. போர்னியோ கொஞ்சம் சாது என்று பல வளர்ப்பாளர்கள் சொல்வார்கள். சிவப்பு நிறம் உங்களுக்கு முக்கியம் இல்லை என்றால் அதையும் ஒருமுறை பாருங்கள்.

சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டி பெரும்பாலும் பழுப்பும் மங்கிய செம்மண் நிறமுமாகத்தான் இருக்கும். மூன்று நான்கு வயதில்தான் உண்மையான ரத்தச் சிவப்பு ஏறும், சிலவற்றில் ஏறாமலே போகும். அதனால் குட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல் தாய் தகப்பன் இரண்டையும் பாருங்கள், நேரில் முடியாவிட்டால் படத்திலாவது. கண்காட்சி மேசையில் பளிச்சென்ற விளக்குக்குக் கீழே பார்க்கும் நிறத்தை நம்ப வேண்டாம். அல்பினோ வகைகள், தந்த நிற வகைகள் என்று விலை எகிறும் ரகங்கள் நிறைய உண்டு. முதல் பிளட் பைத்தானுக்கு அதில் பணத்தைப் போடாமல் அதே பணத்தை நல்ல பெட்டிக்கும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கும் போடச் சொல்வேன்.

குட்டியைக் கையில் எடுக்கும்போது பார்க்க வேண்டியவை: மூக்குத் துளை சுத்தமாக இருக்க வேண்டும், மூச்சு விடும்போது கொறகொறச் சத்தமோ எச்சில் நுரையோ கூடாது. வயிற்றுச் செதில்கள் வெள்ளையாக, கொப்புளம் இல்லாமல் இருக்க வேண்டும். கண்ணைச் சுற்றியும் தாடைக்குக் கீழேயும் மிளகை விடச் சிறிய கரும்புள்ளிகள் ஊர்ந்தால் அது உண்ணி, அந்த மேசையில் எதையும் வாங்காதீர்கள். கழிவாய் காய்ந்து சுத்தமாக இருக்கட்டும். குறைந்தது நான்கைந்து முறை, முடிந்தால் உறையவைத்து உருக்கிய எலியைத் தானாகத் தின்ற பதிவு கேளுங்கள். ஒழுங்கான வளர்ப்பாளர் இதையெல்லாம் கேட்காமலே எழுதிக் கொடுப்பார்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு மலைப்பாம்பு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: புதியதை மூன்று மாதமாவது வேறு அறையில் வையுங்கள். பழைய பாம்பை முதலில் கவனித்துவிட்டு, புதியதைக் கடைசியில் தொடுங்கள், இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் தனித்தனி. மலைப்பாம்புகளுக்கு மூச்சுத்தொற்றுக் கொடுக்கும் நிடோவைரஸ் ஒரு பாம்பிடமிருந்து இன்னொன்றுக்குப் பரவும், ஆரம்பத்தில் வெளியே தெரியாது. வாயில் பஞ்சு தடவி பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பலாம். செலவு இருக்கிறதுதான், ஆனால் உங்கள் பழைய பாம்பை இழப்பதை விட மேல்.

சரி, இருப்பிடம். வளர்ந்த பெண் பாம்பு நாலடி முதல் ஆறடி நீளம்தான் இருக்கும், ஆனால் எடை சாதாரணமாக 5 முதல் 7 கிலோ, சில அதற்கும் மேல். ஆண் சற்றுச் சிறியது. மரம் ஏறுவதில் நாட்டம் இல்லாத, தரையோடு கிடக்கும் பாம்பு, அதனால் உயரம் வேண்டாம், தரைப் பரப்பு வேண்டும். வளர்ந்ததற்கு 120 செமீக்கு 60 செமீ பிவிசி பெட்டி போதுமானது, பெரிய பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் கூடினால் நல்லது. குட்டியை நேராக அதில் போடாதீர்கள். சிறிய மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், ஒளிந்துகொள்ள இறுக்கமான ஒரு மறைவிடத்தோடு தொடங்குங்கள். பயந்த குட்டி சாப்பிடாது.

வெப்பத்தில்தான் பால் பைத்தான்காரர்கள் தவறுகிறார்கள். பால் பைத்தானுக்கு 32 டிகிரி சூட்டிடம் வைத்துப் பழகிய கை இதற்கும் அதையே வைக்கும். பிளட் பைத்தான் வெயில் படாத ஈரச் சருகுக்குள் கிடக்கும் பிராணி. பெட்டியின் பொதுவெப்பம் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ், சூடான ஓரத்தில் 29 முதல் 30, அதுவே தாராளம். 32ஐத் தொடவிடாதீர்கள். இரவில் 24, 25க்கு இறங்கினால் கவலை இல்லை. சூடு கூடினால் முதலில் தெரியும் அறிகுறி, நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வராமல் இருப்பது. அடுத்தது எரிச்சல். நேற்றுவரை சாதுவாக இருந்த பாம்பு இன்று சீறுகிறது என்றால் அதன் குணத்தைக் குறை சொல்லும் முன் வெப்பமானியைப் பாருங்கள். பாம்பு குளிர்ந்த பக்கத்திலும் சீறுகிறதா என்று கவனித்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

மேலே பொருத்தும் வெப்பத் தகடு நல்லது. கீழே வைக்கும் சூட்டுப் பட்டை வேலை செய்யும், ஆனால் கனமான பாம்பு ஒரே இடத்தில் மணிக்கணக்கில் படுத்திருக்கும், தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் வயிறு வெந்துவிடும். எதைப் பொருத்தினாலும் தெர்மோஸ்டாட் கட்டாயம். விளக்குகள் காற்றை உலர்த்திவிடும், தவிர்க்கலாம்.

டொராண்டோவில் இன்னொரு சிக்கல், குளிர்காலக் காற்று. வெளியே உறைபனிக் காற்றை ஃபர்னஸ் சூடாக்கி உள்ளே விடும்போது வீட்டு ஈரப்பதம் 20, 30 சதவீதத்துக்கு விழுந்துவிடும். பிளட் பைத்தானுக்கு 60 முதல் 70 வேண்டும். கம்பிவலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் ஜனவரி மாதம் இதைக் காப்பாற்ற முடியாது, எவ்வளவு தெளித்தாலும் அரை மணியில் காய்ந்துவிடும். பக்கம் மூடிய பிவிசி பெட்டியில் தேங்காய் மட்டைத் துண்டு நான்கு விரல் ஆழத்துக்குப் போட்டு, மூலைகளில் தண்ணீர் ஊற்றுங்கள். அடித்தட்டு ஈரமாக, மேல்தட்டு காய்ந்ததாக இருக்க வேண்டும். மேல்தட்டும் சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும், பிறகு அழுகும். ஈரமான காற்று வேறு, ஈரமான தரை வேறு. சிறிய காற்றுத் துளைகளை அடைத்துவிடவும் வேண்டாம். தேங்கிய குளிர்ந்த ஈரம்தான் மூச்சுத்தொற்றுக்கு வாசல். சட்டை ஒரே துண்டாக, கண்மூடியோடு சேர்ந்து உரிகிறது என்றால் ஈரப்பதம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர்க் கிண்ணம் பெரிதாக, கவிழாத கனத்தில் இருக்கட்டும். இந்தப் பாம்பு நிறையக் குடிக்கும், அதனால் நிறையச் சிறுநீரும் போகும், அடிக்கடி அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே. தினமும் மாற்ற மனம் இல்லாதவர் இதை வாங்க வேண்டாம். எப்போதாவது ஊறுவது இயல்பு. விடாமல் ஊறினால் ஒன்று சூடு, அல்லது உண்ணி.

இரை விஷயத்தில் கையைக் கட்டுப்படுத்த வேண்டும். இதன் செரிமானம் மெதுவானது, பசி மட்டும் எப்போதும் இருக்கும் போலத் தெரியும். கொடுத்தால் தின்னும், தின்றால் கொழுக்கும். குட்டிக்கு 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, ஒரு வயதுக்குப் பிறகு இரண்டு வாரம், வளர்ந்தபின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். இரையின் தடிமன் பாம்பின் மிகத் தடித்த இடத்தைத் தாண்டக்கூடாது, சற்றுக் குறைந்தாலும் நல்லதே. பெரிய பெண்ணுக்கும் 150 முதல் 250 கிராம் எலி ஒன்று போதும், முயல் எதற்கு? சீக்கிரம் பெரிதாக்க வேண்டும் என்று வாரம் ஒன்று திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் பாம்பு பெரிதாகும், கல்லீரலும் கொழுத்துப்போகும். 20 வருடத்துக்கு மேல் வாழக்கூடிய உயிரை ஏன் அவசரப்படுத்த வேண்டும்?

குண்டா இல்லையா என்று கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் ஆரோக்கியமான பிளட் பைத்தானே தடியாகத்தான் இருக்கும். வளைந்து படுக்கும்போது செதில்களுக்கு நடுவே தோல் விரிந்து தெரிந்தால், வாலுக்கு முன்னால் கொழுப்பு மேடு தட்டினால், கொஞ்சம் குறையுங்கள். முதுகெலும்பு கூரையின் முகடு போல நீட்டிக்கொண்டு தெரிந்தால் கூட்டுங்கள். மாதம் ஒருமுறை எடை போட்டு எழுதி வைத்தால் கண் ஏமாற்றுவது குறையும்.

உறைய வைத்த எலியை இரவு, உணவு வைக்காத தனி ஃபிரிட்ஜில் உருக்கி, பையில் போட்டு வெந்நீரில் சூடாக்குங்கள், மைக்ரோவேவ் வேண்டாம். தலைப்பக்கம் கொஞ்சம் கூடுதல் சூடாக இருந்தால் உதட்டுக் குழிகள் அந்தச் சூட்டை உணர்ந்து எளிதில் அடிக்கும். நீளமான இடுக்கியில் கொடுங்கள். தின்றபின் மூன்று நாள் தொடாதீர்கள்.

மலம் கழிக்காததைப் பார்த்துப் பயந்து எழுதுபவர்கள் அதிகம். பிளட் பைத்தான் வாரக்கணக்கில் தேக்கி வைக்கும், வளர்ந்தது ஒன்றிரண்டு மாதம்கூட வைத்திருந்து ஒரே தடவையில் மலைபோல் கழிக்கும். அதனால் எத்தனை இரை கொடுத்தோம், எப்போது கழித்தது என்று குறித்து வையுங்கள். பல இரைக்குப் பிறகும் ஒன்றும் இல்லை, கழிவாய்க்கு முன்னால் கெட்டியாக வீங்கி இருக்கிறது என்றால் இரையை நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில் விடுங்கள். அப்படியும் போகாவிட்டால் மருத்துவர்தான், நீங்களாக அழுத்த வேண்டாம். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் எல்லாத் தெருவிலும் இருக்க மாட்டார், பாம்பு வாங்கும் முன்பே ஒருவரைக் கண்டுபிடித்து வைத்துவிடுங்கள். மூச்சில் சத்தம், வாய் திறந்து மூச்சு, தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது எல்லாம் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட வேண்டியவை அல்ல.

கையாளும் முறையில் பால் பைத்தானிலிருந்து ஒரு பெரிய வித்தியாசம், எடை. நடுவில் ஒரு கையால் தூக்கினால் உடம்பு இரண்டு பக்கமும் தொங்கும், விழுந்துவிடுவோம் என்று பயந்து உதறும். முதலில் கொக்கியாலோ சுருட்டிய தாளாலோ மெதுவாகத் தொட்டு, வந்திருப்பது இரை இல்லை என்று தெரியப்படுத்துங்கள். பிறகு பக்கவாட்டிலிருந்து இரண்டு கையையும் அடியில் கொடுத்து முழு உடம்பையும் தாங்கி எடுங்கள். மேலிருந்து கையைக் கொண்டு போகாதீர்கள். குட்டி துள்ளினால் தலைமேல் ஒரு துணியைப் போட்டு எடுக்கலாம். கடித்தால் இழுக்காதீர்கள், பல் உள்நோக்கி வளைந்தது, இழுத்தால்தான் கிழியும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம், பாம்பு அமைதியாக இருக்கும்போதே திரும்ப வைப்பது, இதுதான் பழக்கும் வழி. சட்டை உரிக்கும் முன் கண் பால்போல் மங்கும் நாட்களில் விட்டுவிடுங்கள்.

இப்போது குழந்தை. பாம்பு கடிப்பதை விட நான் பயப்படுவது சால்மொனெல்லாவுக்கு. ஆரோக்கியமான ஊர்வனவும் அந்தக் கிருமியைச் சுமக்கும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 5 வயதுக்குக் கீழ் குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வன வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. கனடாவில் தீனி எலிகள் வழியாகவும் தொற்று பரவியிருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், மகளுக்கு ஐந்து முடியும்வரை காத்திருங்கள். பிளட் பைத்தான் எங்கேயும் போய்விடாது, இந்த இடைவெளியில் நல்ல வளர்ப்பாளரைத் தேடலாம், பெட்டியை ஒரு குளிர்காலம் ஓடவிட்டு ஈரப்பதம் நிற்கிறதா என்றும் பார்க்கலாம். பால் பைத்தான் ஏற்கெனவே இருப்பதால் இன்றே செய்ய வேண்டியது: கிண்ணத்தை சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், எலியை உணவுப் பாத்திரத்தில் உருக்காதீர்கள், உணவு இருக்கும் ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள், தொட்ட எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பெட்டிக்குப் பூட்டு வேண்டும். 2013 ஆகஸ்டில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் கேம்பல்டனில் தப்பிய ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பால் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். பிளட் பைத்தான் அந்த அளவுப் பாம்பு இல்லை, ஆனாலும் பூட்டு பூட்டுதான்.

மின்வெட்டுக்கும் தயாராக இருங்கள். 2013 டிசம்பர் பனிமழையில் டொராண்டோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, சிலருக்கு நாட்கணக்கில் வரவில்லை. பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டுக் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் பக்கத்தில் வையுங்கள். மின்சாரம் வரும்வரை இரை கொடுக்காதீர்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டொராண்டோ நகரம் தடை செய்வது வளர்ந்தால் 3 மீட்டரைத் தாண்டும் பாம்புகளையும் விஷப்பாம்புகளையும், எனவே பிளட் பைத்தான் அதில் வராது. மார்க்கம், பிராம்ப்டன் போன்ற இடங்களுக்கு வீடு மாறினால் அந்தந்த நகராட்சி விதியையும், காண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் அதன் விதியையும் பாருங்கள். இனம், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் எல்லை தாண்ட அனுமதிச்சீட்டு வேண்டும். ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று கனவிலும் நினைக்காதீர்கள்.

மற்ற நாடுகளிலிருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வைக்கவே அனுமதி இல்லை. மலேசியாவில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் வைக்க முடியாது, காட்டில் பார்த்ததைப் பிடித்து வருவது குற்றம். இந்தியாவில் நாட்டுப் பாம்பு எதையும் வளர்க்கக்கூடாது. வெளிநாட்டு சைட்டிஸ் இனங்களை வைத்திருப்பவர்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், இறக்குமதிக்கு உரிமமும் வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் சுருட்டி வந்த மலைப்பாம்புக் குட்டிகள் பிடிபடுவதை அடிக்கடி செய்தியில் பார்க்கிறோம். அப்படி வந்த குட்டிகளை யாராவது காகிதம் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். நீங்கள் ஒன்று வாங்கினால் அடுத்த பெட்டியில் இன்னும் பத்துக் குட்டிகளைத் திணிப்பார்கள்.